சாணைக்கல்லைச் சுற்றியது யார்?



எங்கள் வங்கியில் பதவி உயர்வுப் பட்டியலைப் பார்க்கணும்னு எழுதிக் கேட்டேன். அதிகாரி சிரித்தார்: 'யூ ஹேவ் ஏன் ஆக்ஸ் டு கிரைண்ட்.' தீட்டிக்கொள்ள உனக்கொரு கோடாலி இருக்கு; பொதுக் காரியம் மாதிரி பேசுற, உள்ளே சுயலாபம் என்று அர்த்தம்.

அந்தச் சொல்லின் கதையைத் தேடிப் படித்தேன். பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதியதாகப் பலர் சொல்வார்கள், அது தவறு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சார்லஸ் மைனர் என்ற பத்திரிகைக்காரர் 1810இல் எழுதியது. குளிர்காலக் காலை. கோடாலியோடு வந்த ஒருவன், 'உன்னை மாதிரி நல்ல பையன் உண்டா' என்று புகழ்ந்தே ஒரு சிறுவனைச் சாணைக்கல் சுற்ற வைக்கிறான். பள்ளி மணி அடிக்கிறது. கையெல்லாம் கொப்புளம். கோடாலி கூர்மையானதும், 'பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டியா? ஓடுடா' என்று விரட்டுகிறான்.

ஏமாந்த பையன் பின்னால் எச்சரிக்கையாகச் சொன்ன சொல் இது. இன்றைக்குக் கேள்வி கேட்கிற பையன் மேலேயே அதை வீசுறாங்க.

என் நோக்கத்தை நான் ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுத்தான் கேட்டேன். உள்நோக்கம் இருக்கிறது பட்டியலைக் காட்டாதவரிடம். அடுத்த முறை யாராவது இப்படிச் சொன்னால் திருப்பிக் கேளுங்க: கோடாலி யாருது? கல்லைச் சுத்தினது யாரு?