கேட்பாரற்ற வண்டிகள்: கேள்வி கேட்போம்!

(சென்னை தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



தெருவுக்குத் தெரு துருப்பிடிச்ச காரும், டயர் இல்லாத ஆட்டோவும் மாசக்கணக்கா நிக்குது. "யார் வண்டியோ, நமக்கென்ன"ன்னு தாண்டிப் போறோம். நடுராத்திரி நெஞ்சுவலின்னு 108ஐக் கூப்பிட்டா, அந்த வண்டிதான் வழியை மறிக்கும். மழை பெஞ்சா அதுல தேங்குற தண்ணியில டெங்கு கொசு முட்டையிடும்.

மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். தெருப் பெயர், பக்கத்து அடையாளம், வண்டி எண் மூன்றையும் கொடுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். நாளைக்கு வார்டு அலுவலகத்துல போய் நிக்கும்போது அந்த எண்தான் நமக்குச் சாட்சி.

அதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ரிப்பேருக்குக் காசில்லாம ஒரு தொழிலாளி நிறுத்தி வச்ச ஆட்டோவா இருக்கலாம். அவர்கிட்ட முதல்ல பேசுவோம். அது அவர் குடும்பத்தோட சோறு.

இன்னொண்ணு. காவல் நிலைய வாசலில் மக்கிக் கிடக்கும் வழக்கு வண்டிகளையும் கேட்போம். சாமானியனுக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயமா?

தெரு நம்முடையது. கேட்பது நம் உரிமை!