நடுநிலையே தகுதி



'பஸ்ஸர்பீட்டர்' என்னும் இணையக் கூடைப்பந்து ஆட்டத்திலே, நாட்டு அணியின் மேலாளரை அந்நாட்டில் ஆடுவோரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அப்பதவிக்குப் போட்டியிட விழையும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல்.

வாக்குக் கேட்பது எளிது. வென்றபின் தான் வளர்த்த வீரனை ஒதுக்கி, பிறர் வளர்த்த சிறந்த வீரனை ஏற்பது அரிது.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ரஹீம் ஐதராபாத்துக்காரர். எனினும் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2–1 என வென்றபோது கோலடித்தவர்கள், கல்கத்தா மைதானத்தில் ஆடிய பி. கே. பானர்ஜியும் ஜர்னெயில் சிங்கும். தலைக்காயமுற்ற தற்காப்பு வீரர் ஜர்னெயிலை முன்னணியில் நிறுத்தியவர் ரஹீமே.

அந்நடுநிலை உங்களிடம் உண்டாயின் துணிந்து நில்லுங்கள். இல்லையெனில் நல்லவனுக்கு வழிவிடுங்கள்.