பாதியில் நிறுத்தும் மருந்து

 

சென்ற ரமளானில், துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் நம் இராயபுரத்துச் சகோதரர் ஒருவர் காசநோய் மாத்திரைகளைப் பாதியில் நிறுத்திவிட்டார். “இருமல் நின்றுவிட்டது, நோன்பும் வந்துவிட்டது” என்றார். சில மாதங்களில் நோய் திரும்பியது. நோன்புக்கு முன்பே இதனை எடுத்துரைக்கத் தவறினோமே என்ற வருத்தத்துடன் இன்று பேசுகிறோம்.

விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, குடல் வழியே இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைகிறது. அங்கே ஐசோனியாசிட் என்னும் மருந்து கிருமியின் மேலுறை உருவாவதைத் தடுக்கிறது. ரிஃபாம்பிசின், கிருமி தனக்கு வேண்டிய புரதங்களை ஆக்கிக்கொள்ள இயலாமல் செய்கிறது. அதே வேளையில் கல்லீரல் மருந்தைச் சிதைக்கிறது. சிறுநீர் முதலிய கழிவுகளோடு அது வெளியேறுகிறது. இன்று உண்டது நாளைக்குப் போதாது என்பதாலேயே நாள்தோறும் உண்ணச் சொல்கிறார்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பசியின்மை, வாந்தி, கண் மஞ்சளித்தல் ஆகியன கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் மடிகின்றன, இருமலும் தணிகிறது. உறங்கிக் கிடக்கும் கிருமிகளோ எளிதில் சாவதில்லை. எனவேதான் வழக்கமான காசநோய்க்கு முதல் 2 மாதங்கள் 4 மருந்துகளும், அடுத்த 4 மாதங்கள் 3 மருந்துகளும் தரப்படுகின்றன. இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாதவையாகவும் மாறக்கூடும். அது வீட்டாரையும் தொற்றும்.

நம் சென்னைக்கு இதில் ஒரு பெருமையுண்டு. 1956இல் இங்கு தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலும் மறு பிரிவினருக்கு வீட்டிலும் ஓராண்டு சிகிச்சையளித்தது. நெருக்கடியான வீட்டில், எளிய உணவுண்டு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்று 1959இல் உலகிற்கு அறிவித்தது. ஓய்வையும் ஊட்டத்தையும்விட மருந்தை முறையாக உண்பதே முதன்மையானது என்பதை அவ்வாய்வு உணர்த்தியது.

பெரியோர்களே! நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்திக் களாச் செய்யும் சலுகையை மார்க்கமே வழங்கியுள்ளது. நோன்பு நோற்கும் உடல்நிலை உண்டா, மாத்திரையை ஸஹரில் உண்ணலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். தாமாக நிறுத்துவது தக்வா ஆகாது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. நோயை மறைக்காதீர்கள், நோயுற்றவரை ஒதுக்காதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.