சல்யூட் யாருக்கு?

(மட்டாஞ்சேரியில் தொடர்கல்வி மாலை வகுப்பில் ஒரு தன்னார்வத் தொண்டர் பேசியது)

 

நம் கொச்சி கடற்படை ஊர். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் எதிரே வெலிங்டன் தீவு தெரியும். தெற்குக் கடற்படைத் தலைமையகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இந்தியக் கடற்படையின் பயிற்சிக்கு அதுவே தலைமை இடம். ஃபோர்ட் கொச்சியில் துரோணாச்சார்யா என்ற கடற்படைப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே பீரங்கிப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதனால் வெள்ளைச் சீருடை போட்ட இளம் அதிகாரிகளை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

போன வாரம் வகுப்பில் ஒரு அண்ணன் கேட்டார்: "இரண்டு பேரும் சின்ன வயசுதான். இரண்டு பேரும் ஆபீசர்தான். பிறகு ஏன் ஒருத்தர் மற்றவருக்குச் சல்யூட் அடிக்கிறார்?"

நல்ல கேள்வி. இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

தோளைப் படியுங்கள்

நீங்கள் இப்போது பஸ் போர்டு படிக்கிறீர்கள். ரேஷன் கார்டு படிக்கிறீர்கள். சீருடையின் தோளையும் அப்படிப் படிக்கலாம். நம்மில் பலர் துணி வெளுத்து இஸ்திரி போடுகிறவர்கள். உங்களுக்கு இது சுலபம்.

கடற்படை அதிகாரியின் தோளில் தங்க நிறப் பட்டைகள் இருக்கும். மேல் பட்டை வளைந்து ஒரு வளையம் போல இருக்கும். பட்டைகளை எண்ணுங்கள்.

ஒரு பட்டை என்றால் சப் லெப்டினன்ட்.
இரண்டு பட்டை என்றால் லெப்டினன்ட்.
இரண்டு தடித்த பட்டை, நடுவில் ஒரு மெல்லிய பட்டை என்றால் லெப்டினன்ட் கமாண்டர்.

தரைப்படையில் பட்டை கிடையாது. இரண்டு நட்சத்திரம் என்றால் லெப்டினன்ட். மூன்று நட்சத்திரம் என்றால் கேப்டன். நம் ரூபாய் நோட்டில் உள்ள சிங்கச் சின்னம் மட்டும் இருந்தால் மேஜர்.

இங்கே ஒரு குழப்பம் வரும். கடற்படையிலும் கேப்டன் உண்டு. தரைப்படையிலும் கேப்டன் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. தரைப்படைக் கேப்டன் இளம் அதிகாரி. கடற்படைக் கேப்டன் நான்கு பட்டை போட்ட மூத்த அதிகாரி. தரைப்படைக் கர்னலுக்குச் சமமானவர். தரைப்படைக் கேப்டனுக்குச் சமமானவர் கடற்படை லெப்டினன்ட்தான்.

ஆகவே பதவியின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. எந்தப் படை என்றும் பார்க்க வேண்டும். ஒரு கடற்படை சப் லெப்டினன்டும் ஒரு தரைப்படைக் கேப்டனும் எதிரெதிரே வந்தால் யார் முதலில் சல்யூட் அடிப்பார்? சப் லெப்டினன்ட்தான். படை வேறு என்பதால் முறை மாறாது.

அண்ணன் கேட்ட கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. தரைப்படையில் அதிகாரியாகச் சேர்ந்து 2 ஆண்டு முடிந்தால் கேப்டன் ஆகலாம். 6 ஆண்டு முடிந்தால் மேஜர் ஆகலாம். பார்க்க ஒரே வயதாகத் தெரியும். பொறுப்பு வேறு.

முறை என்ன?

பதவியில் இளையவர் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும். மூத்தவர் கட்டாயம் பதில் சல்யூட் அடிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பலரும் கவனிப்பதில்லை. பதில் சல்யூட் என்பது மூத்தவர் காட்டும் தயவு அல்ல. அது அவருடைய கடமை.

கையை வைக்கும் விதம் படைக்குப் படை மாறும். தரைப்படையில் உள்ளங்கை எதிரில் இருப்பவருக்குத் தெரியும். கடற்படையில் உள்ளங்கை கீழே பார்த்து இருக்கும். அந்தக் காலத்தில் கப்பலில் வேலை செய்தவர்கள் கையில் தாரும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அழுக்குக் கையை மேலதிகாரிக்குக் காட்டாமல் இருக்க அப்படி வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். விமானப்படையில் 2006இல் முறையை மாற்றினார்கள். இப்போது அங்கே கை சாய்வாக இருக்கும்.

தலையில் தொப்பி இல்லாவிட்டால் கையைத் தூக்கிச் சல்யூட் அடிப்பதில்லை. நேராக நிமிர்ந்து நின்று "ஜெய் ஹிந்த்" சொல்வார்கள். போர்முனையிலும் சல்யூட் அடிப்பதில்லை. அடித்தால் யார் அதிகாரி என்று எதிரிக்குத் தெரிந்துவிடும்.

ஆளுக்கு அல்ல, பொறுப்புக்கு

நம் முப்படைகளுக்கும் உயர்ந்த தலைவர் குடியரசுத் தலைவர். அதிகாரிகளுக்குப் பதவி கொடுப்பது அவருடைய பெயரில்தான். நாடு ஒருவரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறது. அவருக்குக் கீழே பல உயிர்கள் இருக்கின்றன. சல்யூட் அந்தப் பொறுப்புக்குத்தான். அவருடைய சாதிக்கு அல்ல. பணத்துக்கு அல்ல. வயதுக்கும் அல்ல.

வயது என்றதும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒரு சுபேதாருக்கு 45 வயது இருக்கலாம். புதிதாக வந்த லெப்டினன்டுக்கு 22 வயது இருக்கலாம். முதலில் சல்யூட் அடிப்பவர் சுபேதார்தான். பெரியவர் சின்னவருக்குத் தலை தாழ்த்துவதா?

தலை தாழ்த்துவது இல்லை. சல்யூட் அடிப்பவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கிறார். லெப்டினன்ட் உடனே பதில் சல்யூட் அடிக்கிறார். அதோடு அவரை "சுபேதார் சாப்" என்று மரியாதையாக அழைக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். சுபேதாரின் அனுபவத்துக்கு அந்த மரியாதை. லெப்டினன்டின் பொறுப்புக்கு இந்த மரியாதை. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

ஆண், பெண் என்ற பேதமும் இதில் இல்லை. 1992 முதல் மருத்துவப் பிரிவுக்கு வெளியிலும் பெண்கள் கடற்படை அதிகாரிகளாகச் சேர்ந்து வருகிறார்கள். 2019 டிசம்பர் 2ஆம் தேதி ஷிவாங்கி என்ற பெண் கடற்படையின் முதல் பெண் விமானி ஆனார். அது நடந்தது நம் கொச்சியில்தான். அப்போது அவர் சப் லெப்டினன்ட். ஒரு பெண் லெப்டினன்ட் எதிரே வந்தால், ஆண் சப் லெப்டினன்ட் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும். "ஆம்பளை நான் ஏன் அடிக்கணும்?" என்று அங்கே கேட்க முடியாது.

எல்லோருக்கும் மேலே ஒன்று இருக்கிறது. அது தேசியக் கொடி. காலையில் கொடி ஏறும்போதும் மாலையில் இறங்கும்போதும் சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் அடிப்பார்கள். அட்மிரலாக இருந்தாலும் அடிக்க வேண்டும்.

கும்பிடு வேறு, சல்யூட் வேறு

இனி நம் கதைக்கு வருவோம். 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய சிப்பாய்களின் துணியை வெளுக்கத்தான் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை இங்கே கொண்டுவந்தார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் இன்றும் அந்த வேலை நடக்கிறது.

அந்தக் காலத்தில் நம் தாத்தாமார்களும் பெரியவர்களுக்கு மரியாதை செய்தார்கள். எப்படிச் செய்தார்கள்? தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கினார்கள். முதுகை வளைத்தார்கள். வாயைப் பொத்தினார்கள். எதிரில் இருந்தவர் பதிலுக்கு வணங்கவில்லை. வணங்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. அதற்குப் பெயர் மரியாதை அல்ல. அடிமைத்தனம்.

சல்யூட்டையும் கும்பிடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ஆனால் சல்யூட்டில் மேலே இருப்பவரையும் விதி கட்டுகிறது. அவரும் கையைத் தூக்கியே ஆக வேண்டும்.

நீங்களும் நானும் யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. நாம் சாதாரணக் குடிமக்கள். ஆனால் இந்த விதியை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஓர் அலுவலகத்துக்குப் போகிறீர்கள். "வணக்கம் சார்" என்கிறீர்கள். அவர் தலை நிமிரவில்லை. பயப்படாதீர்கள். குரலைத் தாழ்த்தாதீர்கள். நிமிர்ந்து நின்று இன்னொரு முறை வணக்கம் சொல்லுங்கள். பிறகு உங்கள் விண்ணப்பத்தைக் கொடுங்கள். பதில் கேட்பது உங்கள் உரிமை.

அதேபோல நம்மையும் பார்க்க வேண்டும். ஹரித கர்ம சேனைப் பெண்கள் பச்சை உடுப்புப் போட்டு நம் வாசலுக்கு வருகிறார்கள். குப்பையைப் பிரித்து எடுத்துப் போகிறார்கள். அவர்கள் "சேச்சி" என்று கூப்பிட்டுச் சிரித்தால் நாம் சிரிக்கிறோமா? பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகிறோமா? நம் வீட்டு மருமகள் வணக்கம் சொன்னால் பதில் சொல்கிறோமா? தறிகெட்ட அதிகாரியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை படகுத்துறையில் இரண்டு இளம் அதிகாரிகள் சல்யூட் அடிப்பதைப் பார்த்தால், பட்டையை எண்ணுங்கள். யார் கை முதலில் எழுகிறது என்று பாருங்கள். இரண்டாவது கை எழுகிறதா என்றும் பாருங்கள்.



பேசிப் பார்ப்போம்

1. கடற்படைக் கேப்டனும் தரைப்படைக் கேப்டனும் சந்தித்தால் யார் முதலில் சல்யூட் அடிப்பார்? ஏன்?
2. வயதில் பெரியவர் இளையவருக்கு மரியாதை செய்யும் வேறு இடங்கள் உண்டா?
3. நீங்கள் சொன்ன வணக்கத்துக்குப் பதில் கிடைக்காத நாள் உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?