தங்கக்கை இருந்த கட்சி



பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்கள் செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்று, கும்பிட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். கோவணம், வெள்ளைத் தாடி, கையில் தடி, கமண்டலம். ரமண மகரிஷி என்றாலே நமக்கு அந்தப் படம்தான். அவர் ஒரு காலத்தில் நல்ல கால்பந்து ஆட்டக்காரர் என்றால் பலருக்கும் சிரிப்பு வரும். திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் இது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவருடைய இளமைப் பெயர் வேங்கடராமன். 1879 டிசம்பர் 30-ஆம் தேதி திருச்சுழியில் பிறந்தவர். 1892-இல் தகப்பனார் சுந்தரமய்யர் காலமானதும், பையனையும் அவனுடைய அண்ணன் நாகசாமியையும் மதுரையில் சித்தப்பா சுப்பய்யர் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துப் பக்கம் சொக்கப்ப நாயக்கன் தெரு. முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் பெரிய நாட்டமில்லை. ஒருதரம் காதில் விழுந்தால் மனத்தில் நின்றுவிடும், அதனால் புத்தகத்தைத் திறக்காமலே சமாளித்திருக்கிறார். நாட்டமெல்லாம் கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் இவற்றில்தான். உடம்பும் அதற்கேற்ற உடம்பு. விழித்திருக்கும்போது எதிர்த்து நிற்க முடியாத பையன்கள், அவர் தூங்கும்போது தூக்கிக்கொண்டுபோய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்துவிடுவார்களாம். அடி வாங்கியவருக்கு மறுநாள் மற்றவர் சொல்லித்தான் தெரியும். அப்படி ஒரு தூக்கம்!

அந்தப் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தங்கக்கை’. அவர் எந்தக் கட்சியில் இருக்கிறாரோ அந்தக் கட்சி ஜெயிக்கும். உத்தி பிரிக்கும்போது இவரைப் பிடிக்கத்தான் சண்டையே நடந்திருக்க வேண்டும். வீட்டிலும் இந்தப் பெயருக்கு மரியாதை இருந்தது. சித்தி அப்பளம் இடத் தொடங்கினால், முதலில் வேங்கடராமனைக் கூப்பிட்டு மாவில் கை வைக்கச் சொல்வாராம். பிற்காலத்தில் ஆசிரமத்தில் உட்கார்ந்து பகவானே இதையெல்லாம் அன்பர்களுக்குச் சொல்லியிருக்கிறார். கால்பந்தில் கைக்கு என்ன வேலை, ‘தங்கக்கால்’ என்றல்லவா வைத்திருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நம் வழக்கில் ராசி கைக்குத்தானே உண்டு!

ராத்திரி ஆட்டமும் உண்டு. வீடு அடங்கியதும் அண்ணனும் தம்பியும் தலையணைகளைப் படுக்கையில் நீளவாக்கில் வைத்துப் போர்வையைப் போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார்கள். வைகை மணலில் கூட்டாளிகள் காத்திருப்பார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1890-களில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவனுக்குக் கால்பந்து எப்படிப் பழக்கமாயிற்று? அது சடுகுடு மாதிரி மண்ணிலிருந்து முளைத்த ஆட்டம் அல்ல. பட்டாளத்துக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த ஆட்டம். பட்டாளத்து மைதானத்திலிருந்து அதை ஊருக்குள் கொண்டுவந்தவை பள்ளிகளும் கல்லூரிகளும்தான். அந்தக் கதைக்கு நாம் கல்கத்தாவுக்குப் போயாக வேண்டும்.

1877. நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்று ஒரு வங்காளப் பையன், எட்டு வயதுதான் இருக்கும். தாயாரோடு கங்கையில் குளிக்கப் போகும் வழியில் வெள்ளைக்கார சோல்ஜர்கள் பந்து உதைப்பதைப் பார்க்கிறான். பந்து உருண்டு இவன் பக்கம் வருகிறது. எடுத்துப் பார்க்கிறான். உதை என்கிறார்கள், உதைக்கிறான். வங்காளத்தில் இன்றும் பாட்டிக் கதை மாதிரிச் சொல்வார்கள் இதை. மறுநாள் ஹேர் பள்ளியில் பையன்களிடம் காசு வசூலித்துக் கடையில் ஒரு பந்து வாங்கினார்கள். வாங்கியது ரக்பி பந்து! முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு இவர்கள் உதைத்துப் புரண்டதை எதிர்ப்புறம் இருந்த பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் பார்த்தார். சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். சிரித்ததோடு விடாமல் சரியான பந்தைக் கொடுத்து, ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

அதன்பின் நாகேந்திர பிரசாத் சும்மா இருக்கவில்லை. பாய்ஸ் கிளப், வெலிங்டன் கிளப் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார். வெலிங்டன் கிளப்பில்தான் சிக்கல் வந்தது. மணி தாஸ் என்று குயவர் வீட்டுப் பையன் ஒருவன் ஆட வந்தான். அவனைச் சேர்க்கக் கூடாது என்று பெரிய சாதிக்காரர்கள் எதிர்த்தார்கள். நாகேந்திர பிரசாத் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, கிளப்பையே கலைத்துவிட்டார். பிறகு சோபாபஜார் கிளப்பைத் தொடங்கி, முதல் உறுப்பினராக அந்த மணி தாஸைச் சேர்த்துக்கொண்டார். அந்த சோபாபஜார் அணி 1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே பட்டாளத்து அணியை 2-1 என்று தோற்கடித்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் நம்மவரிடம் தோற்றது அதுதான் முதல் தடவை என்பார்கள். மதுரைக்கு வேங்கடராமன் வந்து சேர்ந்ததும் அதே 1892.

எதிர் அணியை ஜெயிப்பது பிறகு. அதற்கு முன்னால் ஜெயிக்க வேண்டிய ஒன்று வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. பந்து தோல். தோலைத் தொட்டால் தீட்டு. ஸ்ரீநகரில் டிண்டேல்-பிஸ்கோ என்ற பாதிரியார் மிஷன் பள்ளி நடத்தினார். 1891-இல் பம்பாயிலிருந்து ஒரு தோல் பந்தோடு வந்து நின்றார். பையன்கள் பெரும்பாலும் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். தோலைத் தொட மாட்டோம் என்று ஒரே பிடிவாதம். ஆசிரியர்களைக் கையில் கம்போடு நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார் மனிதர். நடுவில் பந்து ஒரு பையனின் முகத்தில், வாய்மேலேயே அடித்துவிட்டது. தீட்டுப்பட்டுவிட்டது என்று அழுகை. போய்க் கால்வாயில் கழுவிக்கொண்டு வா என்றார். கழுவிக்கொண்டு வந்தான், ஆட்டம் மறுபடி நடந்தது. கம்பைக் காட்டி ஆடவைத்ததை நான் மெச்ச மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளியில் கால்பந்து நிலைத்துவிட்டது என்பதும் உண்மை.

அந்தக் காலப் பந்து எப்படி இருக்கும் என்று இளையவர்களுக்குத் தெரியாது. நான் பள்ளியில் படித்தபோதுகூட அந்த ஜாதிப் பந்துதான். பழுப்புத் தோல், ஒரு பக்கம் வாய், அதற்குள் ரப்பர் பிளாடர். டிரில் மாஸ்டர் சைக்கிள் பம்பால் காற்றடித்து, பிளாடரின் குழாயை மடித்து நூலால் இறுக்கிக் கட்டி, உள்ளே திணித்து, ஷூவுக்குப் போடுவதுபோல் தோல் நாடாவைக் கோத்து இழுப்பார். இழுக்கும்போது அவர் நாக்கும் கூடவே வெளியே வரும். எவ்வளவு இழுத்தாலும் அந்த இடம் மேடாகத்தான் நிற்கும். தலையால் முட்டும்போது அந்த நாடா நெற்றியில் பட்டால் கோடு கிழித்துவிடும். மழையில் ஊறினால் பந்து பூசணிக்காய் கனம். வெறுங்காலால் உதைத்தால் பெருவிரல் நகம் தப்பாது. பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடைக்குப் போய் ஒட்டுப் போட வேண்டும், அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

இப்படிப்பட்ட பந்தை வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்டவர்களை ஜெயிக்க முடியுமா? 1911-இல் மோகன் பாகான் அதைச் செய்தது. ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியில் அந்த மழைக்காலம் முழுவதும் கல்கத்தாவுக்கு வேறு பேச்சே இல்லை. முதல் சுற்றில் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி அணி, 3-0. அடுத்து ரேஞ்சர்ஸ், 2-1. பிறகு ரைஃபிள் பிரிகேட், 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்தோடு 1-1 சமன், மறுபடி ஆடி 3-0. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டவர் ஒருவர்தான். அவர் பாதிரியார் சுதீர் சாட்டர்ஜி, மிஷன் கல்லூரியில் ஆசிரியர்.

ஜூலை 29, இறுதி ஆட்டம், எதிரே கிழக்கு யார்க்ஷயர் பட்டாளம். வெளியூர்களிலிருந்து ரயிலிலும் படகிலும் வந்து குவிந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு மைதானமே தெரியவில்லை. பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிவதற்காக, கோல் விழுந்தபோதெல்லாம் கணக்கை எழுதிப் பட்டம் பறக்கவிட்டார்கள். முதல் பட்டம் ஏமாற்றம், யார்க்ஷயருக்கு ஒன்று. கடைசிக் கட்டத்தில் கேப்டன் சிப்தாஸ் பாதுரி ஒன்று போட்டுச் சமன் செய்தார். முடிகிற நேரத்தில் அபிலாஷ் கோஷ் இரண்டாவதைப் போட்டார். 2-1.

அதற்கு அடுத்த காலத்தில் நம் பக்கமும் ஆட்டம் வேர்விட்டது. சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற டிரில் மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக்கில், 1948 லண்டனில், பிரான்சுக்கு எதிராக நம் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அன்றும் நம்மவர்களில் பலர் வெறுங்கால்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூர்க்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரை அந்த ரோமில், பெருவுக்கு எதிராகப் போட்டதுதான்.

மதுரைப் பையனை வைகை மணலிலேயே விட்டுவிட்டோம். அந்தக் கட்சி ஆடிய ஆட்டங்களுக்குக் கோப்பையும் இல்லை, கணக்கும் இல்லை. எத்தனை ஜெயித்தார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான். 1896 ஜூலையில், சித்தப்பா வீட்டு மாடியறையில், திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. படுத்துக்கொண்டு சாவையே விசாரித்துப் பார்த்தார். அதன்பின் கூட்டாளிகளோடு சேர்வது குறைந்தது. மீனாட்சி கோயிலில் போய் நிற்பது கூடிற்று. பாடப்புத்தகம் அடியோடு கசந்துபோயிற்று.

ஆகஸ்டு 29. பாடத்தை எழுதாததற்குத் தண்டனையாக அதையே மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. இரண்டு தடவை எழுதியவர் நோட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் சுருக்கென்று கேட்டார். மின்சாரப் பாடம் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார் தம்பி.  அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். சித்தி பணத்தை எடுத்துக் கொடுத்தார். பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனம்வரை போக மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டவர், மிச்சம் இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்தார். கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லை, ஒரு கோடுதான். ஆனால் அண்ணனின் கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதை மட்டும் மறக்காமல் எழுதியிருந்தார்.

செப்டம்பர் முதல் தேதி காலையில் திருவண்ணாமலை ஸ்டேஷனில் இறங்கி நேரே கோயிலுக்குப் போனார். அதன்பின் 54 வருஷம் இந்த ஊரை விட்டு நகரவில்லை.

அவர் ரயிலேறிய அன்றைக்கும் வைகை மணலில் பையன்கள் கூடியிருப்பார்கள். உத்தி பிரிக்கும்போது ஓர் ஆள் குறைந்திருக்கும்.