கடைசி ஆளுக்குச் செய்தி போனதா?



'குரூப்பில் போட்டாச்சு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போட்டது சரி, போய்ச் சேர்ந்ததா?

செய்தி சொல்லும் வழி ஒருநாளும் சாதிக்கு வெளியே இருந்ததில்லை. ஊர் அறிவிப்புக்குத் தண்டோரா போடும் வேலை தலித்துகள் தலையில் கட்டப்பட்டது. அந்த வழக்கத்தை நிறுத்துங்கள், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில்தான். ஊர்ச் சேதியைச் சுமந்தவர்களுக்குச் சொந்தச் சேதி சொல்ல இடம் கிடைக்கவில்லை. 1920இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்தது. 1907இலேயே அயோத்திதாசர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. யார் கைக்கு அது எட்ட வேண்டும் என்பது பெயரிலேயே இருந்தது.

நாமும் அங்கிருந்துதான் யோசிக்க வேண்டும். நம் அமைப்பில் ஸ்மார்ட்போன் இல்லாதவர் யார்? அண்ணனோடு ஒரே போனைப் பகிர்ந்துகொள்பவர் யார்? வாசிக்கத் தெரியாத அம்மா யார்? இந்தப் பட்டியலை முதலில் எழுதுங்கள்.

அடுத்து, செய்தியைப் பிரியுங்கள். 'தாக்குதல் நடந்திருக்கிறது, உடனே காவல் நிலையம் வாருங்கள்' என்பது போன் செய்து சொல்ல வேண்டியது. ஒருவர் ஐந்து பேரை அழைக்க, அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேரை அழைத்தால், இரண்டே சுற்றில் முப்பது பேருக்குத் தெரிந்துவிடும். உதவித்தொகைக்குக் கடைசித் தேதி என்றால், நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் வாட்ஸ்அப் குழுவும் ஒரு எஸ்எம்எஸ்ஸும் போதும். விவாதத்துக்குத் தனிக் குழு வையுங்கள். காலை வணக்கத்துக்கும் மீம்ஸுக்கும் நடுவில் அவசரச் செய்தி புதைந்துபோகக் கூடாது.

இணையத்தை மட்டும் நம்பாதீர்கள். 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடியில் இணையத்தை நிறுத்தினார்கள். எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் மற்றவர்களுக்குத் தெரியும். சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையரின் எண்ணையோ, தங்கியிருக்கும் இடத்தையோ எந்தக் குழுவிலும் போடாதீர்கள். அது உயிர்ப் பிரச்சினை.

கடைசியாக ஒன்று. போன் செய்யும் வேலை எப்போதும் ஒரே தோழர் தலையில், அதுவும் பெண் தோழர் தலையில் விழுந்தால், நாம் புதிய தண்டோராவை உருவாக்குகிறோம் என்று பொருள். மாதம் ஒருவர் என்று முறை வையுங்கள். தலைவரும் அந்த வரிசையில் நிற்கட்டும்.

ஜெய்பீம்!