சிறு விமானமும் புல்வெட்டும் மெசினும்



லூமுட் வட்டாரத்தில் வாழும் நமக்கு வானத்து இரைச்சல் புதிதல்ல. கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள். இன்று நான் பேசப்போவது அவற்றைவிட மிகச் சிறிய விமானத்தைப் பற்றி. ஒருவரோ இருவரோ மட்டுமே அமரக்கூடிய விமானம் அது. 1988ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா பிரிட்டனிலிருந்து இந்தியா வரை இத்தகைய விமானத்தில் 23 நாளில் பறந்து வந்தார்.

இவற்றுள் பல, டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தால் பறப்பவை. தோட்டத்தில் தோளில் மாட்டிப் புல் வெட்டுகிறோமே, அந்த மெசின்களில் பலவும் இதே இனந்தான்.

மோட்டார் காரில் எண்ணெய் தனியே இருக்கும். இதிலோ பெரும்பாலும் பெட்ரோலுடன் கலந்த எண்ணெயே பிஸ்டனுக்கு வழுவழுப்பைத் தருகிறது. ஆஸ்திரிய நாட்டு ரோட்டாக்ஸ் டூ-ஸ்ட்ரோக் விமான இயந்திரங்களில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து, சிலிண்டரில் இறுகிவிடும். கூடினால் பிளக்கில் கரி படிந்து, பொறி பறக்காது.

அடுத்த பகை தண்ணீர். பாதி நிரம்பிய தொட்டியில், இரவுக் குளிரில் காற்றின் ஈரம் துளித்துளியாகப் படியும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. ஆகவே அடியில் தங்கும். அதனால்தான் விமானி புறப்படுமுன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்கிறார். தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டாலும் பெட்ரோல் இறங்காது, இயந்திரம் நின்றுவிடும்.

புல்வெட்டும் மெசின் நின்றால் கீழே வைத்துவிட்டு உட்காரலாம். வானத்தில் அது முடியுமா? இயந்திரம் நின்றதும் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடாது என்பது உண்மை. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காத்தால், சறுக்கியபடி இறங்கும். ஆனால் கீழே செம்பனைக் காடாக இருந்தால் எங்கே இறங்குவது? இத்தகைய இயந்திரம் திடீரென நிற்கக்கூடும் என்று செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். எனவே நல்ல விமானி, இறங்கத்தக்க வெளியிடம் எட்டும் தூரத்திலேயே பறப்பார்.

ரோட்டாக்ஸ் 582 இயந்திரத்தை 300 மணி நேரம் ஓடியதும் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். ஓடிய நேரத்தை எழுதி வைக்காவிட்டால், அந்த 300 எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? பால்வெட்டுக் காலத்தில் நம் பெரியவர்கள் கத்தியைத் தீட்டாமல் நிரைக்குப் போனதில்லை. அந்த ஒழுங்கோடு எழுத்தையும் சேர்ப்பதே இயந்திரப் பராமரிப்பு.

பெற்றோர்களே, வீட்டிலுள்ள மெசினின் கையேட்டைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் அளவு மெசினுக்கு மெசின் மாறும். அதைக் கணக்கிட்டுச் சொல்லட்டும். பிளக் மாற்றிய நாளை ஒரு பழைய நோட்டில் குறிக்கட்டும். கணக்கும் எழுத்தும் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமல்ல, ஓர் உயிரைக் காக்கவும் உதவும் என்பதைப் பிள்ளை அப்போது உணரும்.